ஆவுடையம்மாளின் தோலும் வேலாயுதசமுத்திரத்து மழையும்

வேலாயுதசமுத்திரத்தில் மழை எங்கே பெய்ய வேண்டும் என்பதை ஆவுடையம்மாளின் தோல் முடிவுசெய்யத் தொடங்கியபோது ஊரில் ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லை, ஏனென்றால் பேரில் மட்டும் சமுத்திரத்தை வைத்துக்கொண்டு குடத்தோடு தண்ணி லாரிக்குக் காத்துக்கிடக்கிற ஊருக்கு மழை எந்த வழியாக வந்தால் என்ன, வானத்து வழியாக வந்தால் என்ன, ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற ஒருத்தியின் முதுகு வழியாக வந்தால் என்ன. அவர்களால் நம்ப முடியாமல் போனது வேறொன்று, வருஷக்கணக்காக அவள் சொல்லிக்கொண்டிருந்த ஒரு சின்னச் செய்தி, அதாவது தனக்கு வலிக்கிறது என்பது.

வெட்டுக்காயம் மாதிரி காட்டக்கூடிய வலியாக இருந்திருந்தால் காட்டியிருப்பாள். தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை, கொப்புளம் இல்லை, பார்க்கிறவர்கள் பொறாமைப்படுகிற மாதிரி மழமழவென்று மாநிறத் தோல். அதற்கு அடியில் யாரோ மிளகாய் அரைத்த கையால் நரம்பு நரம்பாக உருவிக்கொண்டிருப்பது போல ஓர் எரிச்சல், எரிச்சல் ஓய்ந்தால் குத்தல், குத்தல் ஓய்ந்தால் ஈரச்சுவரில் கரண்ட் அடிக்கிற மாதிரி ஒரு சுள், இன்றைக்குத் தோளில் என்றால் நாளைக்கு விலாவில், அவிழ்ந்த முடி ஒன்று கழுத்தில் விழுந்தாலே உயிர் போய்விட்டு வரும், ரவிக்கையின் தையல் ஒவ்வொன்றும் முள்வேலி. இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையோ பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மங்களா ஜவுளி மாளிகையில், வருகிறவர்களுக்குச் சேலையைப் பிரித்து, முந்தானையைத் தன் தோளில் போட்டு, கொசுவத்தைத் தன் இடுப்பில் பிடித்து, "பாருங்கக்கா, உடுத்துனா இப்படித்தான் விழும்" என்று சிரித்துக்காட்டுகிற வேலை. ஜரிகை தோளில் பட்டதும் அவள் கண் கலங்கும். கல்யாண வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, பட்டின் அழகுக்குத்தான் இவள் கலங்குகிறாள் என்று எண்ணி, இன்னொரு சேலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தக் கடையில் அவளைப் போல வியாபாரம் செய்தவர்கள் இல்லை என்று முதலாளி இன்றைக்கும் சொல்கிறார்.

டாக்டர்கள் எல்லாரும் ஒரே வாத்தியாரிடம் ஒரே பாடம் படித்தவர்கள் போல, ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள், ஊசியை நரம்பில் வைத்துப் பார்த்தார்கள், இரைச்சல் போடுகிற குழாய்க்குள் படுக்கவைத்துப் பார்த்தார்கள், கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு "எல்லாம் நார்மல்" என்றார்கள். சொல்கிற தோரணையில், நார்மலாக இருக்கிற உடம்பை வைத்துக்கொண்டு இத்தனை பேர் நேரத்தைக் கெடுத்ததற்கு அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருக்கும். டாக்டர்கள் கைவிட்டதை ஊர் கையில் எடுத்தது. சூடு என்றார்கள், வாய்வு என்றார்கள், பிள்ளை இல்லாத ஏக்கம் என்றார்கள், செல்போன் என்றார்கள், கத்திரிக்காயை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினாள், அப்புறம் அவள் கத்திரிக்காய் சாப்பிடாததுதான் காரணம் என்றார்கள்.

பக்கத்து வீட்டில் இருந்த சுப்புத்தாய்க்கு இந்த வைத்தியம் எதிலும் நம்பிக்கை இல்லை. ஆவுடையின் புருஷனுக்கு அக்கா. தாலி அறுத்த பிறகு மேலக்காட்டில் பருத்திக்காட்டைத் தனியாளாகப் பார்த்து இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவள். "ஏட்டி, எங்களுக்கெல்லாம் தோலு இல்லையா? களையெடுக்கப் போனா கையெல்லாம் கீறுது, பருத்தி எடுத்தா நகக்கண்ணெல்லாம் கிழியுது. வலிக்க நேரம் கெடச்சாத்தானட்டி வலிக்கும். நிழல்ல நின்னு சேலை மடிக்கிறவளுக்கு வலிக்கும், வலிக்காம என்ன செய்யும்" என்பாள்.  மதினி பேசி முடித்ததும் போகிற போக்கில் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவாளே, அதற்குப் பயந்து ஆவுடை சுவரோடு ஒண்டிக்கொள்வாள்.

புருஷன் தவசிமுத்து மினிபஸ் டிரைவர். கெட்டவன் இல்லை, களைத்துப்போனவன். முதல் வருஷம் அவள் வலிக்கிறது என்றபோது "எங்க?" என்றான். இரண்டாம் வருஷம் "இன்னுமா?" என்றான். அதற்கப்புறம் "ம்" என்று மட்டும் சொன்னான்.

மழை விஷயம் தெரியவந்ததும் அந்த மினிபஸ்ஸால்தான். ஊரிலிருந்து கிளம்பி மேலக்காடு, தச்சன்பட்டி, நொச்சிக்குளம் என்று சுற்றிக்கொண்டு வருகிற வண்டி என்பதால், எந்தக் கரிசலில் தூறல் விழுந்தாலும் அவனுக்குத்தான் முதலில் தெரியும். ஓர் ஆவணி மத்தியானம் சாப்பிட வந்தவன், "மேலக்காட்டுல மட்டும் ஊத்து ஊத்துனு ஊத்துச்சு புள்ள, ரோட்டுக்கு இந்தப் பக்கம் பொட்டுத் தண்ணி இல்ல" என்றான். ஆவுடை சோற்றுக் கரண்டியோடு நின்று, "அப்பத்தான் எனக்கு இந்த எடது தோளு தீயா எரிஞ்சுது" என்றாள். "ம்" என்றான். அடுத்த வாரம் தச்சன்பட்டியில் பெய்தது, அவளுக்குப் பின்கழுத்தில் எரிந்தது. அதற்கும் "ம்" என்றான், ஆனால் கொஞ்சம் நீளமாக. பிறகு ஒருநாள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு போன் போட்டான்.

"இப்ப எங்க வலிக்கு?"

"வலது விலாவுல. எதுக்குக் கேக்கீங்க?"

போனை வைத்துவிட்டு, வண்டிக்குள் இருந்தவர்கள் கத்தக் கத்த, வண்டியைத் திருப்பி நொச்சிக்குளத்துக்கு விட்டான். ஊர் எல்லை தாண்டியதும் கண்ணாடியில் சடசடவென்று விழுந்தது. இத்தனை வருஷம் பெண்டாட்டி சொன்னதை நம்பாதவன் அன்றைக்கு வைப்பர் சொன்னதை நம்பினான்.

சாயங்காலத்துக்குள் டீக்கடைக்குத் தெரிந்து, மறுநாளைக்குள் சுற்றுவட்டாரத்துக்குத் தெரிந்து, அந்த வாரக் கடைசியில் கிராம நிர்வாக அலுவலர் ஊர் நிலங்களை அளந்து வரைந்த புலப்படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, மரியாதையாகத் தள்ளி இருந்தே, எந்த எலும்புக்கு எந்த ஊர் என்று கேட்டுக் கேட்டுப் பென்சிலால் குறித்துக்கொண்டார். வலது முழங்கை தச்சன்பட்டிக்கா நொச்சிக்குளத்துக்கா என்பதில் இரண்டு ஊருக்கும் கைகலப்பு வந்தது. அது புறம்போக்கு என்று முடிவானது. யாரும் எப்படி என்று கேட்கவில்லை. பக்கத்துப் பட்டணத்திலிருந்து வந்த ஒருத்தர் கேட்டபோது, "எப்படின்னா? மேகம் எப்படி நிக்குதுன்னு கேப்பீகளா? அது மாதிரிதான்" என்று பதில் வந்தது.

ஆவுடைக்கோ, உண்மையைச் சொன்னால், முதலில் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. காலையில் வாசல் தெளிக்க வந்தால் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வெள்ளாமை பார்க்கிற சம்சாரிகள் நிற்பார்கள். "வலி எப்படித் தாயீ இருக்கு?" என்பார்கள். முகத்தைப் பார்த்துக் கேட்பார்கள், பதிலுக்குக் காத்திருந்து கேட்பார்கள். எரிச்சலா குத்தலா, விட்டு விட்டா விடாமலா, மேலோட்டமாகவா உள்ளேயா என்று, எந்த டாக்டரும் கேட்காத கேள்விகளையெல்லாம் கேட்டார்கள். அவளும் சொன்னாள். சொல்லச் சொல்ல, இத்தனை காலம் தொண்டையில் கிடந்ததெல்லாம் இறங்கிப்போகிற மாதிரி இருந்தது. பெரியவர் ஒருத்தர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கைகூப்பி, "நல்லா வலிக்கட்டும் தாயீ" என்று சொல்லிவிட்டுப் போனபோதுதான் அவள் வாளியை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

எது பட்டால் வலி கூடும் என்பதை ஊர் சீக்கிரமே கண்டுபிடித்தது. வெறுங்கையோடு யாரும் வரவில்லை. கஞ்சி போட்ட சேலை, சொரசொரப்பான கம்பளம், நார்க்கயிறு பின்னிய கட்டில், எல்லாம் சீதனம் போல வந்து இறங்கின. அதிகம் வந்தது பொன்னாடை. பெரிய மனிதர்களை மேடையில் நிறுத்தித் தோளில் போர்த்துவார்களே, ஓரமெல்லாம் முரட்டு ஜரிகை ஓடிய, எந்த மனிதத் தோலையும் நினைத்து நெய்யப்படாத அந்தத் துண்டு. மரியாதையும் ஆச்சு, மழையும் ஆச்சு. போர்த்திவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்து, அவள் பல்லைக் கடிப்பதைப் பார்த்து, மேற்கே திரும்பி வானத்தைப் பார்ப்பார்கள். இடது தோள் மேலக்காடு என்பதால் சுப்புத்தாய்க்குக் கேட்கவே வேண்டாம். தோளைத் தட்டுவதை நிறுத்திவிட்டு, விரல்நுனியால் அளவாகத் தடவினாள். பிஞ்சு பிடிக்கிற நேரத்தில் பருத்திக்குப் பெருமழை ஆகாது.

ஐப்பசி முடிகிற சமயத்தில் ஆவுடை யாரிடமும் சொல்லாமல் ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டுகளையெல்லாம் நிதானமாகப் பார்த்தாள், பிறகு மூடிவைத்தாள்.

"இதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியலம்மா. பேரு இல்லாமகூட இருக்கலாம். ஆனா உங்களுக்கு வலிக்குது, இல்லையா?"

"மழைக்காகக் கேக்கீகளாம்மா?"

"எந்த மழை?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் ஆவுடை அழுதாள். டாக்டரம்மா மாத்திரை எழுதிக்கொடுத்தாள். அடங்கினாலும் அடங்கும், அடங்காமலும் போகும், அப்படிப் போனால் வேறொன்று பார்ப்போம், இடையில் சட்டென்று மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றாள். பாதி அடங்கியது. பாதிதான், ஆனால் ஏழு வருஷத்துக்குப் பிறகு அவள் ஒரு போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு, போர்வை என்றால் இவ்வளவு நல்ல விஷயமா என்று நினைத்தபடி தூங்கிப்போனாள்.

மழை நின்றது. கதிர் பால் பிடிக்கிற நேரம், பருத்தி காய்க்கிற நேரம். மேகம் வந்து கூடும், ஏதோ உத்தரவுக்குக் காத்திருப்பது போல நிற்கும், கலைந்து போகும். அந்தப் பக்கத்தில் மழை தப்பினால் வீடு வீடாகக் கஞ்சி வாங்கி ஒரே பானையில் ஊற்றி, நடுத்தெருவில் குடித்து, ஒப்பாரி வைத்து அழுவது வழக்கம். அழுகையைக் கேட்டு வானம் இரங்கும். இந்தத் தடவை பானையை ஆவுடை வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். உயிரோடு, திடமாக, வருஷக்கணக்கில் காணாத தெளிச்சியோடு நிலைப்படியில் நின்றவளைப் பார்த்து, பெண்கள் மாரடித்து அழுதார்கள். அவள் குணமாகிவிட்டதற்காக ஊரே துக்கம் கொண்டாடியது.

"ஒரு ஊரே வாடிக் கெடக்கு, ஒனக்கு ஒடம்பு சொகங் கேக்குதாட்டி?" என்றாள் சுப்புத்தாய், குடித்த கஞ்சியின் ஈரம் உதட்டில் காயாமல்.

"மதினி, எனக்கு வலிக்குதுன்னு சொன்னப்ப நீங்க நம்பலயே."

"இப்பத்தான் நம்புதேனே! நம்புனா வலிக்க மாட்டேங்கிற!"

அடுத்த நாள் மாத்திரை அட்டையைக் காணவில்லை. தவசிமுத்து தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டான். ஊரில் இருந்த மருந்துக்கடைக்காரருக்கு நொச்சிக்குளத்தில் கடலைக்காடு இருந்ததால் அந்த மாத்திரை சரக்கு வரவில்லை. பஸ் ஏறி ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், கண்டக்டர் எழுந்து நின்று கும்பிட்டு, "காத்து ஒங்க ஒடம்புக்கு ஆகாது தாயீ" என்று கையைப் பிடித்து, பிடித்த இடம் எரிய எரிய, பக்குவமாக இறக்கிவிட்டார். மருந்து சட்டென்று நின்றுபோனதில் வலி வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. தச்சன்பட்டியில் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது.

ஊராட்சித் தலைவர் வெங்கடபதி விழா எடுத்தார். காளியம்மன் கோயில் பொட்டலில் பந்தல், ஒலிபெருக்கி, "மழைத்தாய்" என்று பெயர் போட்ட பேனர். அழைக்க வந்தவரிடம் ஆவுடை ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மேடைக்கு வாரேன். எம் மாத்திரையைக் குடுத்துரச் சொல்லுங்க."

"அறுப்பு முடியட்டும்மா. முடிஞ்சதும் நானே கார் வச்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்புதேன். ஊருக்காக ஒரு போகம் பொறுக்க மாட்டீகளா?"

"அடுத்த போகம்?"

தலைவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குச் சாகும்வரை என்று அர்த்தம் என்பது ஆவுடைக்குப் புரிந்தது. ஆனாலும் போனாள், போகாவிட்டால் தூக்கிக்கொண்டு போவார்கள், தூக்கினால் அத்தனை கைகளும் படும்.

மேடையில் வரிசை கட்டி வந்தார்கள். சங்கத்துக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று என்று பொன்னாடை மேல் பொன்னாடையாகப் போர்த்தினார்கள். அவள் தலை மட்டும் தெரிந்தது. மேலக்காட்டில் இடி இடித்தது, நொச்சிக்குளம் பக்கம் வானம் கறுத்தது, கூட்டம் கை தட்டியது, தலைவர் தன் பங்குக்கு இருந்ததிலேயே கனமான ஜரிகைத் துண்டைப் போர்த்திவிட்டு, போட்டோவுக்காக அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். அந்த அழுத்தலில் ஆவுடைக்குக் கண் இருட்டி, உலகமே ஒரு புள்ளியாகச் சுருங்கி, அந்தப் புள்ளியில் மேடை நாகரிகம் ஒன்று மட்டும் ஞாபகம் வந்தது: போர்த்தியவருக்குப் பதில் மரியாதை செய்ய வேண்டும். எல்லா விழாவிலும் செய்வதுதான். மேலாக இருந்த துண்டை உருவினாள், தலைவர் தோளில் போர்த்தினாள், கும்பிட்டாள்.

"அய்யோ!" என்றார் தலைவர், ஒலிபெருக்கியில், மூன்று ஊருக்கும் கேட்கும்படி. "அய்யோ, எடுங்கலே! எரியுதுலே! எரியுது!"

அதே நேரம், ஊருக்குத் தெற்கே வெங்கடபதியின் எலுமிச்சைத் தோப்பில் மட்டும், வேலிக்கு வெளியே ஒரு சொட்டுச் சிந்தாமல், கொட்டியது மழை.

கூட்டத்துக்கு விஷயம் உடனே பிடிபட்டது. அவள் மேல் கிடந்த துண்டை யார் எடுத்துப் போர்த்திக்கொண்டாலும் வலி அவருக்கு, மழை அவர் காட்டில். அப்புறம் நடந்ததைத் தள்ளுமுள்ளு என்றுதான் சொல்ல வேண்டும். "எனக்கொண்ணு", "எனக்கு ஏக்கரு ஜாஸ்தி, எனக்கு ரெண்டு" என்று மேடையேறிப் பறித்தார்கள்; பறித்த வேகத்தில் ஆவுடையின் மேல் இருந்த பாரம் குறைந்து அவள் மூச்சு விட்டாள். அங்கங்கே துண்டு துண்டாக வானம் திறந்தது. திறந்த வேகத்தில் மூடவும் மூடியது. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுகிற நேரம்கூட ஒருத்தரும் தாக்குப்பிடிக்கவில்லை. பந்தல் காலியானபோது தரையெல்லாம் ஜரிகை. தவசிமுத்துவும் ஒன்றைப் போர்த்திப் பார்த்தான் போலிருக்கிறது, காடு கழனி எதுவும் இல்லாதவன். பேய் அறைந்த மாதிரி மினிபஸ்ஸுக்கு நடந்து போய், டிரைவர் சீட்டு உறையைத் தூக்கி, அடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துவந்து, அவள் கையில் படாமல் பக்கத்துப் பெஞ்சில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். யார் எத்தனை நாள் போர்த்திக்கொள்வது என்று பேச ஆரம்பித்து, அவனவன் பக்கத்தில் இருப்பவனைக் கையைக் காட்டி, கடைசியில் மழை கடவுள் காரியம், அதில் மனுசன் தலையிடுவது பாவம் என்று ஒருமனதாக முடிவானது. போர்வெல்லுக்கு மனு எழுதினார்கள். வெங்கடபதிக்கு எரிச்சல் ஒரு வாரம் இருந்தது. பெரிய பெரிய ஆஸ்பத்திரியாகப் போய், ரத்தம் கொடுத்து, ஊசி குத்தி, குழாய்க்குள் படுத்து எழுந்து வந்தார். எல்லாம் நார்மல். அப்புறம் அவரே டீக்கடையில் காலை ஆட்டிக்கொண்டு, "அன்னைக்கு ஒண்ணுமில்லப்பா, பந்தல்ல வெக்கை, அதான் உடம்பு கொஞ்சம் ஒரு மாதிரி ஆயிருச்சு. எல்லாம் மனசுதான்" என்றார். அந்தத் துண்டுகளைப் போர்த்திக்கொண்டு கத்தியவர்கள் அத்தனை பேரும் அதை ஒப்புக்கொண்டார்கள்.

ஒப்புக்கொள்ளாதவள் ஒருத்திதான். மேலக்காட்டில் பருத்தி பாதிக் காயில் நின்றது. மார்கழி முதல் வாரம் ஒரு மத்தியானம், தலையில் வெயிலோடு ஆவுடை வீட்டுக்குள் நுழைந்தாள் சுப்புத்தாய். கைப்பையில் ஒரு பொன்னாடை, மேடையிலிருந்து அள்ளி வந்தது. யாரையும் எதையும் கேட்காமல் ஃபேனைப் போட்டாள், நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், ரவிக்கைக்கு மேல் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"கத்த மாட்டேன்" என்றாள் ஆவுடையிடம். "கத்துறதுக்கு நான் என்ன தலைவரா?"

கத்தவில்லை. கண்ணை மூடினாள். கழுத்து நரம்பு புடைத்தது, வாய் கோணியது, பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரிந்த வசவுகள் ஒவ்வொன்றாக, பருத்தியை, மண்ணை, செத்துப்போன புருஷனை, வெள்ளைக்காரனை, எல்லாரையும் சேர்த்துப் பல்லிடுக்கில் வந்தன. மேற்கே உறுமியது. மாத்திரை போட்டு ஆறிக் கிடந்த தோளோடு ஆவுடை சுவரில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேரம் போயிற்று. வசவு தீர்ந்தது. வெறும் மூச்சு மட்டும் கேட்டது.

"ஏட்டி," என்றாள் சுப்புத்தாய், கண்ணைத் திறக்காமல், வேறு யாருடையதோ போன்ற குரலில். "இதோடயாட்டி நீ கடையில நின்னு சிரிச்ச?"

ஆவுடைக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. நாக்கின் நுனியில் வரிசையாக, அழகாக, இத்தனை வருஷமாகத் தினமும் கேட்டுக் கேட்டுப் பழகிய வாக்கியங்கள்: ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல மதினி, பாக்க நல்லாத்தான இருக்கீக, வேலைவெட்டியப் பாத்தா எல்லாம் சரியாப் போயிரும். எதை முதலில் சொல்லலாம் என்று ருசித்துக்கொண்டிருந்தாள். சுப்புத்தாயின் முந்தானை ஃபேன் காற்றில் படபடத்தது. ஒவ்வொரு படபடப்புக்கும் அந்த உடம்பு, சொல்லாமல், ஒரு நூல் அளவு ஒடுங்கியது. பார்க்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிகிற அளவு.

ஆவுடை எழுந்து போய் ஃபேனை அணைத்தாள்.